டபிள்யூ123 ஏசி கம்ப்ரசரில் கடகட சத்தம்: ஆர்4-ஐச் சரிசெய்வதா, சாண்டனுக்கு மாறுவதா?

ஐந்துசிலிண்டர் | கோவை

எல்லோருக்கும் வணக்கம். என் வண்டி 1984 மெர்சிடிஸ் 300டி. டபிள்யூ123 பாடி, டர்போ இல்லாத ஓஎம்617 டீசல் இன்ஜின். ஏசியில் இன்னும் பழைய ஆர்4 கம்ப்ரசர்தான் இருக்கிறது.

ஏசி போட்டதும் கம்ப்ரசர் கிளட்ச் 'டக்' என்று ஒட்டுகிறது. உடனே கடகடவென்று சத்தம். ஐடிலில்தான் அதிகம். கொஞ்சம் ரேஸ் கொடுத்து 1500 ஆர்பிஎம் வந்தால் கடகட குறைந்து உறுமலாக மாறுகிறது. ஸ்டியரிங்கிலும் கால் வைக்கும் இடத்திலும் அதிர்வு தெரிகிறது. ஏசியை அணைத்தால் கிட்டத்தட்ட நின்றுவிடும். முழுக்க நின்றது என்று சொல்ல முடியவில்லை, ஏசி இல்லாதபோதும் மெல்லிதாக 'ஸ்ர்ர்' என்று ஏதோ கேட்கிறது.

குளிர் பரவாயில்லை. காலையில் நன்றாக இருக்கும், மதியம் சிக்னலில் நின்றால் காற்று வெதுவெதுப்பாகிவிடும். ஒவ்வொரு கோடையிலும் கேஸ் ஏற்ற வேண்டியிருக்கிறது. முன்பு வைத்திருந்தவர் காலத்திலேயே பழைய ஆர்12 கேஸிலிருந்து ஆர்134ஏ கேஸுக்கு மாற்றிவிட்டார்கள். கம்ப்ரசருக்கு என்ன ஆயில் போட்டார்கள் என்று பழைய பில்களில் ஒரு வரிகூட இல்லை.

இங்கே ஒரு ஏசி கடையில் சத்தத்தைக் கேட்டவுடனே "கம்ப்ரசர் போச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள். மாற்றுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. அதே ஆர்4-ஐ ரீகண்டிஷன் செய்து போடுவதா, புது பிராக்கெட் (கம்ப்ரசரை இன்ஜினோடு பிடிக்கும் தாங்கி) அடித்து சாண்டன் கம்பெனி கம்ப்ரசருக்குப் போய்விடுவதா என்பதுதான் கேள்வி. இந்த வண்டியை இன்னும் ரொம்ப வருடம் ஓட்ட வேண்டும், வெயிலிலும் ஓட்ட வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


குளிர்ப்பட்டறை | மதுரை

சார், காசை எடுக்காதீர்கள். இன்னும் எதுவும் தெரியவில்லை.

கம்ப்ரசர் பக்கத்திலிருந்து வரும் சத்தமெல்லாம் கம்ப்ரசரின் சத்தம் கிடையாது. புல்லி பேரிங், கிளட்ச், பிராக்கெட், ஹோஸ், உள்ளே இருக்கும் அழுத்தம், கடைசியாகத்தான் பிஸ்டன். கடைசியில் இருப்பதை முதலில் மாற்றுவதுதான் எங்கள் தொழிலில் நடக்கும் பெரிய அநியாயம். வாடிக்கையாளர் இருபதாயிரம், முப்பதாயிரம் கொடுத்துவிட்டு அதே சத்தத்தோடு வீட்டுக்குப் போகிறார்.

நீங்களே வீட்டில் பார்க்கலாம். முதலில் இன்ஜினை நிறுத்திவிட்டு ஏசி பெல்ட்டைக் கழற்றுங்கள். கையால் புல்லியைச் சுற்றுங்கள். வழவழவென்று சத்தமில்லாமல் சுற்ற வேண்டும். மணல் அரைபடுவது போல விரலுக்குத் தெரிந்தால் பேரிங். மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. பெல்ட் இல்லாமல் ஒரு நிமிடம் இன்ஜினை ஓடவிடுங்கள். அந்த 'ஸ்ர்ர்' நின்றுவிட்டால் அது பேரிங் அல்லது பெல்ட் டென்ஷனர். நிற்கவில்லை என்றால் அது ஏசியே இல்லை, வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர் பக்கம் தேடுங்கள்.

அடுத்தது கிளட்ச். முன் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். பொதுவாக 0.4 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு என்றால் தட்டு வளைந்திருக்கிறது. தட்டின் முகத்தில் நீலம் பூத்திருந்தால் வழுக்கி ஓடிச் சூடாகியிருக்கிறது. கிளட்ச் ஒட்டியிருக்கும்போது அதை இழுக்கும் காந்தக் காயிலுக்கு வரும் வோல்டேஜையும் பாருங்கள். நாற்பது வருட வயரிங், 11-க்குக் கீழே இறங்கினால் கிளட்ச் முழுப் பிடி பிடிக்காது, அதிலேயே சத்தம் வரும்.

இனி கம்ப்ரசரின் முன் மையத்தை, அதாவது புல்லியை இல்லை, நடுவிலுள்ள தட்டைக் கையால் சுற்றுங்கள். ஆர்4-இல் நான்கு பிஸ்டன்கள், ஜோடி ஜோடியாக ஒன்றுக்கொன்று குறுக்கே இருக்கும். அதனால் விட்டுவிட்டு ஒரு இறுக்கம் தெரியும், அது இயல்பு. ஒரே இடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் 'டொக்' என்று விழுந்தால் உள்ளே தேய்மானம்.

கடைசியாக ஒரு விஷயம், இதை யாரும் செய்வதில்லை. இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் இன்ஜின் போடாமலேயே கேஸ் அழுத்தம் பார்க்கும் கேஜ் செட்டை மாட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம் காட்டும். அந்த எண்ணையும், அப்போது கண்டென்சர் (ரேடியேட்டருக்கு முன்னால் ஏசியின் சூட்டை வெளியே விடும் பகுதி) உலோகத்தின் வெப்பநிலையையும் எழுதிப் போடுங்கள். கம்ப்ரசரைப் பற்றி அப்புறம் பேசலாம்.


அண்ணாசாலை77 | சென்னை

இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஆர்4-க்கு வயதாகிவிட்டது. வெளிச் சட்டையை இரண்டு ஓ-ரிங்தான் தாங்குகிறது, அதில்தான் முதலில் கசியும். ஆயில் தேங்கி நிற்க உள்ளே தனித் தொட்டி கிடையாது. இன்று சரியாக இருந்தாலும் அடுத்த கோடையில் போகும். சாண்டன் வாங்கிப் போடுங்கள், ஒரே வேலையாக முடித்துவிடுங்கள். ஜி.பி. ரோட்டில் சுற்றினால் எல்லாம் கிடைக்கும்.


தீவகம் | யாழ்ப்பாணம்

வணக்கம் அண்ணை. என்னட்டை இருப்பது 240டி, அதிலும் ஆர்4. எனக்கும் இப்படி ஒரு சத்தம் வந்தது. கராச்சில் கம்ப்ரசர்தான் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு ஒரு மூத்த மெக்கானிக் நீளமான ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, முனையை ஒவ்வொரு இடமாக வைத்துக் கேட்டார். கம்ப்ரசரின் உடம்பில் சத்தம் மெலிது, பிராக்கெட்டும் இன்ஜின் பிளாக்கும் சேரும் இடத்தில் பலம். இரண்டு போல்ட் தளர்ந்து, துளை முட்டை வடிவமாகத் தேய்ந்து போயிருந்தது. துளையைப் பெரிதாக்கி புஷ் அடித்து இறுக்கினோம். அதோடு சத்தம் போய்விட்டது.

டீசல் எஞ்சின் ஐடிலில் ஆடும் ஆட்டத்துக்கு இந்த போல்ட்டுகள் தளர்வது ஆச்சரியம் இல்லை. போல்ட்டின் தலையைச் சுற்றித் துரு நிறத்தில் தூள் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அந்த இடம் அசைகிறது. இன்ஜின் மவுண்டையும் பாருங்கள், அது படுத்துவிட்டால் ஏசி சுமை ஏறும்போது முழு அதிர்வும் பாடிக்கு வரும். ஸ்க்ரூடிரைவர் வைக்கும்போது பெல்ட், ஃபேன் இரண்டிலும் கவனம், தளர்ந்த சட்டைக் கையோடு குனிய வேண்டாம்.


ஐந்துசிலிண்டர் | கோவை

மதுரை அண்ணன், யாழ்ப்பாணம் நண்பர், இருவருக்கும் நன்றி. சொன்னபடி பார்த்தேன்.

பெல்ட்டைக் கழற்றியதும் 'ஸ்ர்ர்' நின்றுவிட்டது. புல்லியைக் கையால் சுற்றினால் ஓரிடத்தில் கரகரப்பு இருக்கிறது. ஆக, புல்லி பேரிங் ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் கடகட அது இல்லை.

கிளட்ச் இடைவெளி ஒரு பக்கம் 0.6, எதிர்ப்பக்கம் 0.7. தட்டில் நீலம் இல்லை. காயிலில் ஓடும்போது 12.9 வோல்ட். பிராக்கெட் போல்ட்டுகள் இறுக்கமாக இருந்தன. ஒன்றில் மட்டும் லேசாகத் துருத்தூள், அதைத் திரும்ப இறுக்கினேன், சத்தத்தில் மாற்றமில்லை. ஸ்க்ரூடிரைவர் சோதனையில் கம்ப்ரசர் உடம்பில்தான் பலமாகக் கேட்கிறது.

நடுத் தட்டைச் சுற்றும்போது தெளிவான 'டொக்' என்று சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ஒரு சிறிய விடுபடல் போல விரலுக்குத் தெரிகிறது.

காலையில் கேஜ் மாட்டினேன். கண்டென்சரில் 30 டிகிரி. இரண்டு பக்கமும் 118 பிஎஸ்ஐ. இன்ஜின் போட்டு ஏசி ஓடும்போது, மதியம் 34 டிகிரி வெயிலில், ஐடிலில் லோ சைடு (கம்ப்ரசர் உறிஞ்சும் பக்கம்) 48, ஹை சைடு (வெளியேற்றும் பக்கம்) 300-ஐத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. முன்னால் இருக்கும் எலக்ட்ரிக் ஃபேன் ஓடவே இல்லை.


குளிர்ப்பட்டறை | மதுரை

பாருங்கள், காலையில் எடுத்த அந்த ஒரு எண் எவ்வளவு பேசுகிறது.

சிஸ்டத்தில் திரவமும் ஆவியும் சேர்ந்து அமைதியாக நிற்கும்போது, அழுத்தம் வெப்பநிலையைத்தான் பின்பற்றும். எவ்வளவு கேஸ் இருக்கிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சுத்தமான ஆர்134ஏ 30 டிகிரியில் ஏறக்குறைய 97 பிஎஸ்ஐ காட்ட வேண்டும், 35 டிகிரியில் 114. உங்களுக்கு 30-இல் 118. அந்த அதிகப்படி 20 பிஎஸ்ஐ ஆர்134ஏ-வுடையது இல்லை. ஒன்று, வேக்கம் எடுக்காமல், அதாவது உள்ளே இருக்கும் காற்றைப் பம்ப்பால் உறிஞ்சாமல், கேஸ் ஏற்றி உள்ளே காற்று தங்கியிருக்கிறது. இல்லையென்றால் வேறு ஏதோ கேஸ் கலந்திருக்கிறது. சமையல் கேஸ் வகையைக் கலந்தாலும் இப்படித்தான் எண் மேலே போகும்.

காற்று குளிர்ந்து திரவமாகாது. கண்டென்சரின் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். ஹை சைடு ஏறும். ஃபேனும் ஓடவில்லை என்றால் 300 வராமல் என்ன செய்யும்? அந்த அழுத்தத்துக்கு எதிராகப் பிஸ்டன் ஒவ்வொரு முறையும் தள்ள வேண்டும். நல்ல ஆர்4 கூட 300-இல் கத்தும். ஐடிலில் அதிகம், ஓட்டத்தில் குறைவு என்று நீங்கள் சொன்னதும் இதனோடு பொருந்துகிறது, ஓடும்போது கண்டென்சருக்குக் காற்று கிடைக்கிறது.

எனவே, ரெகவரி மெஷின் வைத்திருக்கும் கடையில் உள்ளே இருப்பதை முழுக்க எடுக்கச் சொல்லுங்கள். கலப்படம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், தனி சிலிண்டரில் எடுக்கட்டும், அவர்களுடைய நல்ல கேஸோடு சேர்ந்துவிடக் கூடாது. சும்மா திறந்துவிடவும் வேண்டாம். பிறகு ஃபேனைப் பாருங்கள். டபிள்யூ123-இல் ரிசீவர் டிரையரின் (கேஸிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சிறிய உருளை) மேல் ஒரு வெப்ப சுவிட்ச் இருக்கும், அதன் இரண்டு வயரையும் சேர்த்துப் பிடித்தால் ஃபேன் ஓட வேண்டும். ஓடினால் சுவிட்ச் போயிருக்கிறது. ஓடவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் போங்கள்.

அதன்பின் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வேக்கம், பம்ப்பை நிறுத்தி ஊசி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, எடை போட்டு கேஸ். ஸ்டிக்கரில் ஆர்12-க்கு எழுதியிருக்கும் எடையில் 80 முதல் 85 சதவீதம் ஆர்134ஏ போதும். கேஸ் ஓட்டம் தெரியும் சிறிய கண்ணாடியில் நுரை மறையும்வரை ஏற்றுவது ஆர்12 காலத்துப் பழக்கம். ஆர்134ஏ-வில் அப்படிச் செய்தால் அதிகமாகிவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் சத்தம் இருந்தால்தான் கம்ப்ரசரைக் கழற்ற வேண்டும்.


மலைப்பாதை | ஊட்டி

ஒரு யோசனை. ஆர்12-க்குப் பதிலாக அந்தச் சமையல் கேஸ் வகை ஹைட்ரோகார்பன் கேஸையே சுத்தமாகப் போட்டால் என்ன? பழைய மினரல் ஆயிலோடு ஒத்துப்போகும், அழுத்தமும் குறைவு என்கிறார்களே.


குளிர்ப்பட்டறை | மதுரை

ஒத்துப்போவது உண்மைதான். வீட்டு ஃப்ரிட்ஜில் அது இருக்கிறது, ஆனால் அங்கே அளவு சில பத்து கிராம். காரில் அதைவிடப் பல மடங்கு. கூலிங் காயில் டேஷ்போர்டுக்குள், நீங்கள் மூச்சு விடும் காற்றின் வழியில் இருக்கிறது. நாற்பது வருடக் காயில் பொத்துக்கொண்டால் எரியும் கேஸ் கேபினுக்குள் வரும். முன்பக்கம் ஒரு சிறு மோதலில் கண்டென்சர் உடைந்தாலும் அதே கதை. அதற்காக வடிவமைக்காத வண்டியில் நான் அதைப் போட மாட்டேன், யாருக்கும் சொல்லவும் மாட்டேன்.


ஐந்துசிலிண்டர் | கோவை

அடுத்த கட்டம். ஃபேன் பிரச்சினை டிரையர் சுவிட்ச்தான், மாற்றியாயிற்று. கேஸ் முழுக்க எடுத்து, வேக்கம் போட்டு, எடை பார்த்து ஏற்றினார்கள். இப்போது ஹை சைடு 34 டிகிரி வெயிலில் 1500 ஆர்பிஎம்மில் 215, லோ சைடு 34. சிக்னலில் நின்றாலும் 250-ஐத் தாண்டவில்லை. குளிர் நன்றாகவே முன்னேறியிருக்கிறது.

சத்தம் பாதிக்கு மேல் குறைந்தது. உறுமல் போய்விட்டது. கடகட மட்டும் ஐடிலில் மெலிதாக இன்னும் இருக்கிறது.

அதனால் திரும்பவும் கேஸை எடுத்து, கம்ப்ரசரைக் கழற்றி, தலைகீழாகப் பிடித்து ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றினோம். மிகக் கொஞ்சம்தான் வந்தது. சாம்பல் நிறம், வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மினுமினுப்பு. எக்ஸ்பான்ஷன் வால்வை (கூலிங் காயிலுக்குள் கேஸை அளவாக விடும் வால்வு) கழற்றி கூலிங் காயிலை ஃப்ளஷ் செய்தபோது அதிலிருந்துதான் ஆயில் வந்தது, கட்டியாக, மஞ்சளாக, நிறைய. கம்ப்ரசரில் இருக்க வேண்டிய ஆயில் அங்கே ஏன் போய் உட்கார்ந்தது?


குளிர்ப்பட்டறை | மதுரை

உங்கள் கம்ப்ரசர் தேய்ந்ததற்கான காரணம் அந்தத் தட்டில் இருக்கிறது.

ஆர்12 காலத்தில் மினரல் ஆயில். ஆர்12-ல் அது கரையும், கேஸோடு சேர்ந்து ஊர்வலம் போய் கம்ப்ரசருக்குத் திரும்பி வரும். ஆர்134ஏ-வில் மினரல் ஆயில் கரையாது. பிஏஜி அல்லது எஸ்டர் ஆயில் வேண்டும். உங்கள் வண்டியை மாற்றியவர்கள் கேஸை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். பழைய ஆயில் போகும் வழியில் குளிர்ந்த இடத்தில், அதாவது கூலிங் காயிலில், தங்கிவிட்டது. ஆர்4-இல் சம்ப், அதாவது ஆயில் தொட்டி, கிடையாது என்று சென்னை நண்பர் சொன்னது இங்கேதான் முக்கியம். பழைய யார்க் கம்ப்ரசரில் இன்ஜின் போலவே அடியில் ஆயில் நிற்கும், கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். ஆர்4 கேஸோடு திரும்பி வரும் ஆயிலை மட்டுமே நம்பி வாழ்கிறது. அது வரவில்லை, காய்ந்து ஓடியிருக்கிறது. வருடா வருடம் கசிந்த கேஸோடு வெளியேறிய ஆயிலையும் யாரும் ஈடுகட்டவில்லை.

மினுமினுப்பு தெரிந்துவிட்டதால் இப்போது நானே சொல்கிறேன், கம்ப்ரசரை மாற்றுங்கள். ஆனால் அதை மட்டும் மாற்றாதீர்கள். உலோகத்தூள் எங்கெல்லாம் போயிருக்குமோ அங்கெல்லாம் சுத்தம் வேண்டும். ஹோஸ், கூலிங் காயில் ஃப்ளஷ் செய்து நைட்ரஜனால் ஊதுங்கள். டிரையரும் எக்ஸ்பான்ஷன் வால்வும் புதிது.


மணல்வெயில் | ஷார்ஜா

கண்டென்சரைப் பற்றி நான் சொல்கிறேன், 45 டிகிரிக்கு மேல் டபிள்யூ123 ஓட்டுகிறவன் நான்.

இந்த வண்டியின் பழைய கண்டென்சர் வட்டக் குழாயும் தகடும் கொண்ட வகை. ஆர்12-க்கு அது போதும். ஆர்134ஏ சூட்டில் ஆர்12-ஐ விட அதிக அழுத்தத்துக்குப் போகும், அதனால் வெப்பத்தை இன்னும் வேகமாக வெளியே தள்ள வேண்டும். பேரலல் ஃப்ளோ கண்டென்சரில் தட்டையான, மெல்லிய குழாய்கள் நிறைய இருக்கும், அதே அளவுக்குக் கூடுதல் வெப்பத்தை விடும். ரேடியேட்டருக்கு முன்னால் எவ்வளவு பெரிதாக நுழைகிறதோ அவ்வளவு பெரிதாகப் போடுங்கள். பக்கவாட்டில் இடைவெளி விட்டால் காற்று அந்த வழியாக ஓடிவிடும், ஃபோம் ஒட்டி அடையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பேரலல் ஃப்ளோவின் நுண்ணிய வழிகளில் தூள் போனால் ஃப்ளஷ் செய்து எடுக்க முடியாது. எனவே மற்ற எல்லாவற்றையும் சுத்தம் செய்த பிறகே அதை இணையுங்கள். பழைய கண்டென்சரோடு பழைய தூளும் வெளியே போகட்டும்.

ஹோஸும் பழைய ரப்பர் என்றால் உள்ளே நைலான் அடுக்குள்ள பேரியர் ஹோஸ் அடித்துவிடுங்கள். ஓ-ரிங் எல்லாம் ஆர்134ஏ-வுக்கு உரிய பச்சை. சாண்டனுக்கு வந்தால் எப்படியும் ஹோஸ் முனைகள் மாறும், உறிஞ்சும் பக்கம் எண் 10, வெளியேற்றும் பக்கம் எண் 8. அதே கிரிம்பிங் செலவில் முழு ஹோஸும் புதிதாகிவிடும்.


மூலவடிவம் | புதுச்சேரி

ஒரு மாற்றுக் கருத்து வைக்க விரும்புகிறேன். டபிள்யூ123 1976-இலிருந்து 1986 ஜனவரி வரை வந்த வண்டி, ஏறக்குறைய 27 லட்சம் தயாரானது. அதனால் அரிது இல்லை என்று நினைத்துக் கண்டபடி மாற்றுகிறோம். நம் ஊரில் பானெட்டுக்குள் தொழிற்சாலையில் இருந்து வந்தபடி மிச்சம் இருப்பவை கொஞ்சம்தான். ஆர்4-க்கு ஷாஃப்ட் சீல், சட்டை ஓ-ரிங், கிளட்ச் பேரிங் எல்லாம் இன்றும் கிடைக்கின்றன. சரியான ஆயிலோடு, சரியான அழுத்தத்தில் ஓட்டினால் அது மோசமான கம்ப்ரசர் இல்லை. இந்த இழையிலேயே அது தேய்ந்தது அதன் குற்றத்தால் இல்லை என்று நிரூபணமாகிவிட்டதே.

மாற்றினாலும் ஒரு வேண்டுகோள். இன்ஜின் பிளாக்கில் புதுத் துளை போடாதீர்கள், பழைய பிராக்கெட்டை வெட்டாதீர்கள். நாளை யாராவது பழையபடி திருப்ப நினைத்தால் போல்ட்டைக் கழற்றி மாட்டும்படி இருக்கட்டும்.


ஐந்துசிலிண்டர் | கோவை

புதுச்சேரி நண்பர் சொல்வது எனக்கும் மனதில் படுகிறது. ஆர்4-ஐத் தூக்கிப் போட மாட்டேன், ஹோஸ் மாட்டும் துளைகளை அடைத்து, சரியான ஆயில் ஊற்றி எடுத்து வைக்கிறேன். ஆனால் இந்த வண்டியில் என் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு நீண்ட தூரம் போகிறேன். உள்ளே தேய்ந்த உறுப்புகளுக்குச் சீல் மட்டும் மாற்றி ஓட்ட மனம் வரவில்லை. சாண்டன் என்று முடிவு செய்துவிட்டேன். எந்த மாடல்?


அண்ணாசாலை77 | சென்னை

மதுரை அண்ணனின் பொறுமைக்கு வணக்கம். நேரே மாற்றியிருந்தால் புதுக் கம்ப்ரசரும் 300 பிஎஸ்ஐயிலும் தவறான ஆயிலிலும் ஓடியிருக்கும்.

மாடலுக்கு வருகிறேன். எஸ்டி508 என்பது ஐந்து பிஸ்டன், 138 சிசி, ஆர்12 காலத்தது. எஸ்டி5எச்14 அதே 138 சிசி, ஆர்134ஏ-வுக்கானது. எஸ்டி7எச்15 ஏழு பிஸ்டன், 155 சிசி. உங்கள் ஆர்4 ஏறக்குறைய 164 சிசி. கிராங்க் புல்லி விட்டத்தைக் கம்ப்ரசர் புல்லி விட்டத்தால் வகுத்தால் வேக விகிதம் கிடைக்கும். உதாரணத்துக்கு விகிதம் 1.2, ஐடில் 700 என்று வையுங்கள், கம்ப்ரசர் 840 சுற்று சுற்றும். ஆர்4 நிமிடத்துக்கு 138 லிட்டர், 7எச்15 என்றால் 130, 5எச்14 என்றால் 116. நம் ஊர் டிராஃபிக்கில் ஐடில்தான் முக்கியம், அதனால் 7எச்15. சத்தம் பற்றிய இழை என்பதால் இதையும் சொல்ல வேண்டும்: ஏழு சிறிய துடிப்புகள் நான்கு பெரிய துடிப்புகளைவிட அமைதியாக இருக்கும். பெயர் மட்டும் ஒட்டிய நகல்கள் சந்தையில் நிறைய, பெட்டி, லேபிள், வரிசை எண் எல்லாம் பார்த்து, பில்லோடு வாங்குங்கள்.

பிராக்கெட்தான் இந்த வேலையின் உயிர். கோவையில் இருக்கிறீர்கள், லேத்துக்குப் பஞ்சமில்லை. 10 மில்லிமீட்டருக்குக் குறையாத இரும்புத் தகடு. பழைய ஆர்4 மாட்டிய துளைகளிலேயே பிடிக்கட்டும். முதலில் கெட்டி அட்டையில் வெட்டி வைத்துப் பாருங்கள். புல்லிகளின் மேல் நேரான இரும்புப் பட்டையை வைத்தால் விலகல் ஒன்றரை மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், அதற்கு மேல் போனால் பெல்ட் கத்தும், புதுச் சத்தத்தைத் தேடி இன்னொரு இழை திறப்பீர்கள். போல்ட் நுழையும் கம்ப்ரசரின் காதுகள் அலுமினிய வார்ப்பு. காதுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் இடைவெளி விட்டு போல்ட்டை இழுத்து இறுக்கினால் காது விரிசல் விடும். அளந்து ஸ்பேசர் கடைந்து போடச் சொல்லுங்கள். ஆயில் நிரப்பும் பிளக் கீழே பார்க்கும்படி கவிழ்த்து மாட்டாதீர்கள்.


ஐந்துசிலிண்டர் | கோவை

வேலை முடிந்தது.

எஸ்டி7எச்15, பேரலல் ஃப்ளோ கண்டென்சர், புது டிரையர், புது எக்ஸ்பான்ஷன் வால்வு, பேரியர் ஹோஸ். பிராக்கெட் 12 மில்லிமீட்டர் தகட்டில், பழைய துளைகளில் மட்டும் பிடித்திருக்கிறது. கணபதி பக்கம் ஒரு சிறிய லேத் பட்டறையில் அடித்தார்கள். அந்தப் பெரியவர் முதல் ஸ்பேசர் அரை மில்லிமீட்டர் குறைந்தது என்று தானாகவே தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று கடைந்தார். அப்படி வேலை செய்பவர்கள் இருப்பதால்தான் இந்த மாதிரி வண்டிகள் நம் ஊரில் இன்னும் ஓடுகின்றன.

ஆயிலைக் கம்ப்ரசர் லேபிளில் போட்டிருந்த வகையிலேயே வாங்கினோம். முதல்முறை கிளட்ச் போடும் முன் நடுத் தட்டைக் கையால் பத்துச் சுற்று சுற்றச் சொன்னார் மதுரை அண்ணன், போனில். சிலிண்டரில் தேங்கிய ஆயில் வெளியேறாமல் ஓட்டினால் வால்வு உடையும் என்றார். அப்படியே செய்தோம்.

இப்போது 35 டிகிரி வெயிலில், ஐடிலில் லோ சைடு 36, ஹை சைடு 220. நடு வென்ட்டில் ஓட்டத்தில் 7 டிகிரி, சிக்னலில் நீண்ட நேரம் நின்றால் 11. கடகட அறவே இல்லை.

ஆனால் முதல் ஓட்டத்தில் 1100 ஆர்பிஎம் வாக்கில் மட்டும் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேபினுக்குள் கேட்டது. பானெட்டைத் திறந்தால் வெளியே கேட்கவில்லை. வெளியேற்றும் ஹோஸ் உள் ஃபெண்டர் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. கையால் அழுத்தி விலக்கியதும் நின்றது. ரப்பர் வைத்த கிளாம்ப் ஒன்றைப் போட்டு இன்ஜினோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். ஹோஸைப் பாடியோடு கட்டினால் துடிப்பு தகட்டில் ஏறும், இன்ஜினோடு கட்டினால் ஏறாது.

பிராக்கெட்டின் வரைபடத்தை அளவுகளோடு ஏற்றுகிறேன், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.


தீவகம் | யாழ்ப்பாணம்

நல்ல செய்தி அண்ணை. வரைபடம் போடும்போது இன்ஜின் பக்கத் துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கான அளவையும் குறிப்பிடுங்கோ. என்ரை 240டி நாலு சிலிண்டர், அதே பிராக்கெட் பொருந்துமோ என்று அளந்து பார்த்துச் சொல்லுறன்.


ஐந்துசிலிண்டர் | கோவை

கட்டாயம். ஆர்4 பிராக்கெட் கையிலேயே இருக்கிறது, இரண்டையும் பக்கத்தில் வைத்து அளந்து போடுகிறேன். உங்கள் அளவு வேறாக இருந்தால் எழுதுங்கள், தகட்டில் ஒரே ஒரு பக்கத்தை மாற்றினால் போதுமா என்று லேத்தில் கேட்டுச் சொல்கிறேன்.


குளிர்ப்பட்டறை | மதுரை

யாழ்ப்பாணம் தம்பி, அளப்பதற்கு முன்னால் உங்கள் வண்டியிலும் ஒரு காலையில் நிலை அழுத்தம் எடுத்துப் போடுங்கள். உங்களுடையதும் ஆர்134ஏ-வுக்கு மாற்றியதா? எந்த ஆயில் என்று தெரியாவிட்டால், சத்தம் இல்லாத இப்போதே ஃப்ளஷ் செய்து எஸ்டர் ஆயிலுக்கு மாற்றிவிடலாம். உங்கள் ஆர்4 இன்னும் நன்றாக இருக்க வாய்ப்பு இருக்கிறது.